நடுப்பட்டையின் நீளம்

— டார்ச்ச என் மூஞ்சியில அடிக்காதடா. படகோட அடியில காட்டு.

— காட்டிட்டுத்தான் இருக்கேன். ஆபீஸ்ல உக்காந்து படம் வரையிற அக்கா, படகுக்கு அடியில மல்லாக்கப் படுத்திருக்கா. சிரிப்பு வருமா வராதா?

— சிரி. மூணு மணிக்கு மறுபடி தண்ணியில இறக்கணும். அப்பவும் ஓடலன்னா ஜெட்ட கழட்டிட்டு புரொப்பல்லர் மாட்டச் சொல்லிட்டாரு முதலாளி.

— மாட்டட்டுமே. வெள்ளத்துல ஆளத் தூக்குற படகு. எதுல ஓடினா என்ன?

— காலையில நடந்தத சொல்லு. ஒழுகுதான்னு பாக்க நீதானே உள்ள இருந்த.

— கொஞ்ச தூரம் நல்லாத்தான் போச்சு. வேகம் ஏத்தினதும் இஞ்சின் கத்துச்சு, படகு போகல. பின்னால வெறும் நுரை.

— காத்தக் குடிச்சிருக்கு. ஜெட்டுக்கு புரொப்பல்லர் மாதிரி வெளிய சுத்துற விசிறி இல்ல; அடியில தண்ணியக் குடிச்சு, பின்னால பீச்சினாத்தான் படகு போகும். குடிக்கிற வாய்க்கு முன்னால தகடு வழுவழுன்னு இருக்கணும். சின்ன மேடு இருந்தாலும், அது கிளப்புற குமிழி நேரா உள்ள போயிரும்.

— வழுவழுன்னுதான் இருக்கு. நான் வெல்டு வச்சது...

— கைய குடு. இங்க தடவு. என்ன இது?

— ...நடுப்பட்டை. படகுக்கு அடியில நடுவுல நீளமா ஓடுற மேடு.

— அது எங்க முடியணும்னு வரைஞ்சிருந்தேன்?

— வாய்க்கு ஒன்றரை மீட்டர் முன்னால.

— எங்க முடியுது?

— வாய் ஓரத்துல.

— படம் பாக்கத் தெரியாம யாரு வச்சது? சொல்லு, வேலைய விட்டெல்லாம் தூக்கமாட்டேன்.

— நான்தான்.

— பதினாலு வருஷமா வெல்டு வைக்கிற. உனக்கா அளவு தப்புச்சு?

— தப்பல. தெரிஞ்சேதான் நீட்டினேன்.

— எதுக்குடா நீட்டின?

— வேகம் குடுக்குற த்ராட்டில விட்டா ஜெட் படகுல ஸ்டியரிங்கும் போயிரும்னு நீதானே சொன்ன. புரொப்பல்லர் ஓட்டிப் பழகினவன், எதிர்ல ஏதாவது வந்தா முதல்ல த்ராட்டிலத்தான் விடுவான். படகு சோப்புக்கட்டி மாதிரி சறுக்கும். பட்டை நீளமா இருந்தா கொஞ்சமாவது பிடிச்சு நிக்கும்னு நினைச்சேன்.

— ஓட்டப்போறவன் மேல அவ்வளவு கரிசனமா?

— யாரோ ஒருத்தன்... அவனுக்கும் வீடு வாசல் இருக்கும்ல.

— இருக்கும். அந்தக் கால் எப்படி இருக்கு?

— இப்ப எதுக்கு அது?

— கேட்டதுக்குச் சொல்லு.

— மிச்சம் இருக்கிற ரெண்டு விரலும் சௌக்கியம்.

— அன்னைக்கு வெள்ளத்துல, இஞ்சின நிறுத்தாமலே படகுலேர்ந்து குதிச்ச. புரொப்பல்லர் சுத்திட்டு இருந்துச்சு.

— அந்தப் பொம்பள முழுகிட்டு இருந்தா. நிறுத்திட்டுக் குதிக்க எங்க நேரம்?

— அடுத்த தடவையும் உனக்கு நேரம் இருக்காது.

— அடுத்த தடவையா... நான் பட்டறையில கிடக்கிறவன்க்கா.

— கிரைண்டர எடு. ஒன்றரை மீட்டர அறுத்து, மழமழன்னு தேய். சறுக்காம இருக்க, வாய்க்கு ரெண்டு பக்கமும் தள்ளி, பின்னால சின்னத் தகடு வரைஞ்சு தரேன். குமிழி வாய்க்குப் போகாது. அப்புறம்... பயந்தாலும் த்ராட்டில விடாத. பிடிச்சுட்டே திருப்பு.

— யாருக்குச் சொல்ற?

— ஓட்டப்போறவனுக்கு.

— ...அக்கா. ஓட்ட பேரு குடுத்தத சொன்னா நீ விடமாட்டன்னுதான் சொல்லல. உனக்கு எப்பத் தெரியும்?

— ஓட்டுறவங்க பட்டியல் என் மேசைக்கும் வந்துச்சு. ஏழாவது பேரு உன்னோடது. அன்னைக்குத்தான், வரைஞ்சு முடிச்சிருந்த புரொப்பல்லர அழிச்சேன்.