நீல இறக்கையில் நாலடி எழுத்து

ஹலோ... ஜோஷுவா? ஜெபிதா அக்கா பேசுதேன்ல... ஆமா, ஆமா, நீ அனுப்புன போட்டோவத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். காலையில எங்க வீட்டுலருந்து எடுத்துட்டுப் போகும்போது நான் செஞ்ச மாடல் விமானம் நல்லாத்தானல இருந்துச்சு? றெக்கையில அது என்ன மஞ்ச எழுத்து?...

யாரு, பாத்திரக்கடை சத்தியநாதன் அண்ணாச்சியா? கண்ணாடிப் பெட்டி வாங்கிக் குடுத்தாருன்னா பெட்டியில பேரப் போடட்டும்... பெட்டியில அவரு பொஞ்சாதி மார்த்தாள் மதினி பேரா! அதனால இவரு பேரு விமானத்துலயா? நல்லாருக்குல ஒங்க கமிட்டி. சர்ச்சுல டியூப்லைட்டு, ஃபேனு, தண்ணி டிரம்மு எல்லாத்துலயும் பேரு எழுதி முடிச்சாச்சு, இனி ஆகாயந்தான் பாக்கி...

ஸ்டிக்கர எங்க வெட்டுனது, திருவேங்கடம் ரோட்டுல பைக்குக்கு நம்பர் ஒட்டுத கடையிலயா? சிரிக்காத. நெச விமானத்த நாப்பத்தெட்டுல ஒரு பங்காக் கொறைச்சுச் செஞ்சிருக்கேன். ஏழு மாசம்ல! அதுல ஒரு இஞ்சு எழுத்துன்னா நெசத்துல நாலடி. விமானி ஜன்னலே அவ்வளவு கெடையாது...

அண்ணாச்சி பக்கத்துலதான் நிக்காரா? என்ன கேக்காரு?... சக்கரம் எங்கயா? அது தண்ணியில எறங்குததுல. கீழ படகு மாதிரி ரெண்டு இருக்குல்லா, அதுதான் மிதவை... குண்டுன்னு நெனைச்சாராக்கும்! தீவுக்குப் போற மிஷனெரி குண்டா போடுவாரு? எனக்கு வாயில நல்லா வந்துரும்.

நாளைக்கு மிஷனெரி ஞாயிறுக்குப் பிரசங்கம் பண்ண வாரவரு யாரு தெரியுமா? இதே விமானத்த நெசத்துல பதினோரு வருசம் ஓட்டுனவரு. அவரு கண்ணு முன்னால இப்படியா வைப்பிய?...

அண்ணாச்சிகிட்டயா? ஏலே, போன குடுக்காத... ஏலே...

ஸ்தோத்திரம் அண்ணாச்சி! நல்லாருக்கேன்... ஆமா... ஆமா... இல்ல, இல்ல, எழுத்து அழகாத்தான் இருக்கு... சேச்சே, அவன் கூட்டிச் சொல்லுதான், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல... என்னது, உரிக்கீங்களா? இப்பமேவா? வேண்டாம் அண்ணாச்சி! நேத்துதான் பெயிண்டு அடிச்சேன், சரியாக் காயல... இருக்கட்டும், ஒங்க பேரு இருக்கட்டும்! நான் வந்து பாத்துக்கிடுதேன்... கைய எடுங்க அண்ணாச்சி!...

ஜோஷுவா?... என்னல ஆச்சு?... எல்லா எழுத்தையுமா உரிச்சுட்டாரு?... நீலப் பெயிண்டும் கூடவே வந்துருச்சா?... அடியில வெள்ளைப் பிளாஸ்டிக்கு எழுத்து வடிவத்துலயே தெரியுதா...

வாசிக்க முடியுதா?

...முழுப் பேருமா.

அவரு என்ன சொல்லுதாரு?... முன்னைக்கு இப்பம் பளிச்சுன்னு இருக்காமா?

வைல போன.