முகத்தைக் கலைச்சு விடுங்க

மணி சரியா பன்னிரண்டு. ராத்திரி இல்ல... பகல். உச்சி வெயில்.

சிரிக்காதீங்க. பேய்னா ராத்திரிதான் வரணும்னு யாருடி சட்டம் போட்டது? அந்த டார்ச்சை அணை முதல்ல. கரண்ட் வர்ற வரைக்கும் ஏதாவது சொல்லுன்னு நச்சரிச்சது நீங்கதான். நடுவுல எவளாவது பாத்ரூம் போகணும்னு எழுந்தா, துணைக்கு நான் வரமாட்டேன். ஹாஸ்டல் வராண்டா எவ்வளவு நீளம்னு உங்களுக்கே தெரியும்.

இது என் ஃப்ரெண்டோட பெரியம்மாவுக்கு நடந்தது. ஃப்ரெண்டுன்னா, பழைய ஆபீஸ்ல எனக்கு அடுத்த சீட்டு. பொய் சொல்லவே வராது அவளுக்கு. லீவு கேக்கும்போது தலைவலின்னுகூட ஒழுங்கா நடிக்கத் தெரியாத ஜென்மம். அதனாலதான் நான் இதை நம்புறேன்.

அம்மா அப்பா இல்லாதவ. வளர்த்தது எல்லாம் பெரியம்மாதான். அவங்களுக்கு டிவி சீரியல்ல மேக்கப் போடுற வேலை. அப்போ ஊருல ஒரு காய்ச்சல் பரவிட்டிருந்தது. வந்தவங்களுக்குக் கண்ணைச் சுத்தி ஊதா பூத்துடும். உதடு வெடிச்சுக் கறுத்துப் போகும். கையில நரம்பு கிடைக்காம கழுத்துல ஊசி ஏத்துவாங்க... பிழைச்சு வந்தாலும் கழுத்துல ரெண்டு புள்ளி அப்படியே நிக்கும். பிழைச்சவங்ககிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டருங்க தொண்டை கிழியக் கத்தினாங்க. யார் காதுல விழுந்துச்சு?

பெரியம்மா வேலை பாத்தது ஒரு ரத்தக்காட்டேரி சீரியல்ல. டைரக்டர் நல்ல மனுஷன்தான். "இது காட்டேரிக் கதை இல்லம்மா, காய்ச்சல் கதை. நோய் வந்தவங்களை ஊரு எப்படி வெளிய நிறுத்துதுன்னு காட்டப் போறேன். பாக்குறவங்க கண்ணு கலங்கணும்"னு சொன்னாராம். காட்டேரி முகம் நிஜமா இருக்கணும்னு பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்கே அனுப்பி வச்சாரு.

இவங்களும் போனாங்க. காய்ச்சல் வார்டு கண்ணாடிக்கு வெளிய நின்னாங்க. ஜன்னலோரக் கட்டில்ல ஒரு பொண்ணு படுத்திருந்தா. ஊதாக் கண்ணு, கறுத்த உதடு, கழுத்துல ரெண்டு புள்ளி. இடது புருவத்துக்கு நடுவுல ஒரு வெட்டு, அந்த இடத்துல மட்டும் முடி இல்ல. பெரியம்மா நல்லா மனசுல வாங்கிட்டு வந்தாங்க. புருவத்து வெட்டைக்கூட விடல. புருவத்து மேல மெழுகை அப்பி, முடியை மறைச்சு, அச்சு அசலா அந்த வெட்டை உண்டாக்கினாங்க. சீரியல்ல வர்ற அத்தனை காட்டேரிக்கும் அதே முகம்.

சீரியல் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. ஆனா பாத்தவங்க கண்ணு கலங்கல... கதவைத் தாழ் போட்டாங்க.

அந்தக் கதையில ஒரு விதி உண்டு. வீட்டுல இருக்கிறவங்க வாயால 'வா'ன்னு சொல்லாம காட்டேரி வாசப்படி தாண்ட முடியாது. அவ்வளவுதான்... ஊரே அந்த வார்த்தையை மறந்துபோச்சு. மாமியார் வந்தா வாங்கன்னு சொல்லாம இருக்க ஒரு சாக்கு கிடைச்சதுன்னு சில பேருக்கு உள்ளூர சந்தோஷம். ஆனா ஆஸ்பத்திரியில இருந்து பிழைச்சு வந்தாங்க பாரு, அவங்க நிலைமை... சொந்த வீட்டு வாசல்லயே நின்னாங்க.

ஒருநாள் வேஷத்தோட டீ குடிக்கப் போன துணை நடிகையைக் கல்லால அடிச்சிட்டாங்க. மண்டையில தையல். அதுக்கப்புறம் ஸ்டுடியோவுல கண்டிப்பு. மேக்கப் கலைக்காம யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது.

இப்ப அந்தப் பன்னிரண்டு மணிக்கு வர்றேன்.

பஸ் ஓடல. பெரியம்மா ஸ்டுடியோவுக்கு நடந்தே வந்தாங்க. நேர் ரோடு. ரெண்டு பக்கமும் பூட்டின குடோன். ஒரு ஈ காக்கா இல்ல. தார் இளகி செருப்புல ஒட்டி... ச்சப்... ச்சப்... அந்தச் சத்தம் மட்டும்தான். எங்கயோ ஒரு தகர ஷட்டர் சூட்டுல டிக்குனு தெறிக்குது. ஸ்டுடியோவைச் சுத்தி இருந்த மதில் தெரியுது.

மதிலோரம் ஒருத்தி நிக்கிறா.

நிழல் அந்தப் பக்கம் இருக்கு. இவ வெயில்ல நிக்கிறா. முழு வேஷம். ஊதாக் கண்ணு, கறுத்த உதடு, கழுத்துல ரெண்டு புள்ளி.

உங்களுக்கும் எனக்கும் குலை நடுங்கியிருக்கும். பெரியம்மாவுக்கு வந்தது கோபம். நாள் முழுக்க அந்த முகத்தைப் போட்டுப் போட்டுக் கலைக்கிறவங்க இல்லையா? "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? அன்னைக்கு அவளுக்கு மண்டை உடைஞ்சது பத்தாதா? வேஷத்தோட ரோட்டுல வந்து நிக்கிற?"ன்னு ஒரே பிடியாப் பிடிச்சாங்க.

அவ, "கலைச்சு விடுங்கக்கா. வீட்டுக்குப் போகணும்"னா.

"சரி சரி, உள்ள வா."

சொல்லிட்டாங்க. யோசிக்கவே இல்ல, பழக்கதோஷம். அந்தப் பொண்ணு அப்படியே நின்னு பாத்தாளாம். "என்னையா?"ன்னு கேட்டாளாம். பெரியம்மாவுக்கு அது ஏன்னு அப்போ புரியல.

மேக்கப் ரூம்ல யாரும் இல்ல. நாற்காலியில உக்கார வச்சாங்க. கண்ணாடியைச் சுத்தி இருக்கிற பல்பெல்லாம் போட்டாங்க. கண்ணாடியில அவ தெரியலைன்னுதானே நினைக்கிறீங்க? தெரிஞ்சா. நல்லாவே தெரிஞ்சா. ரொம்ப சினிமா பாக்காதீங்கடி.

எண்ணெயைப் பஞ்சுல தொட்டு நெத்தியில இருந்து ஆரம்பிச்சாங்க. அவ கண்ணை மூடிக்கிட்டு மெதுவாப் பேசுறா. "பொண்ணு கதவைத் திறக்க மாட்டேங்குதுக்கா. டிவில வர்றதுன்னு சொல்லி அழுவுது. அம்மாடான்னு சொன்னா இன்னும் ஜாஸ்தியா அழுவுது."

"இந்த மூஞ்சியோட போனா எந்தப் புள்ளதான் திறக்கும்? கழுவிட்டுப் போ, தன்னால திறக்கும்."

பஞ்சைத் திருப்பிப் பாத்தாங்க. வெள்ளையா இருக்கு.

இன்னொரு பஞ்சு. கண்ணுக்குக் கீழ அழுத்தித் தேச்சாங்க. ஊதா வரல. இன்னொண்ணு... உதட்டுல. கறுப்பு வரல. எல்லாம் வெள்ளைப் பஞ்சு. அப்பதான் மூக்குல ஏறுச்சு... பினாயில் வாசனை. எண்ணெய் வாசனையைத் தாண்டி, ஆஸ்பத்திரி பினாயில்.

புருவத்துல விரலை வச்சாங்க. மெழுகுன்னா வெயில்ல இளகி விரல்ல ஒட்டணும். ஒட்டல. வழவழன்னு... பழைய தழும்பு. அதுவும் அவ்வளவு நேரம் வெயில்ல நின்ன முகம் சுடணும் இல்ல? ஜில்லுனு இருந்துச்சாம். பானைத் தண்ணி மாதிரி.

பெரியம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு. இது வேஷம் போட்டவ இல்ல... வேஷத்துக்கே முகம் குடுத்தவ. ஜன்னலோரக் கட்டில்.

ஓடலாம்னு கால் துடிக்குது. கதவு அவ முதுகுக்குப் பின்னாடி.

"போகலையாக்கா?"ன்னு கேட்டா அவ. கண்ணைத் திறக்கல. எல்லா வீட்டுலயும் கேட்டு முடிச்சுட்டு வந்த மாதிரி ஒரு குரல்.

அந்தக் குரல்தான் தன்னைப் பிடிச்சு நிறுத்துச்சுன்னு பெரியம்மா சொல்வாங்களாம். பயத்தை விட வெக்கம் பெருசா இருந்துச்சாம். இந்த முகத்தை எடுத்துட்டுப் போய் ஊருக்கெல்லாம் காட்டிக் குடுத்தது தான்தானேன்னு.

"கலைக்க முடியாதும்மா," பெரியம்மா சொன்னாங்க. "மேல போடுறேன். எப்படி இருப்ப நீ, சொல்லு."

"மாநிறம். சிரிச்சா இந்தக் கன்னத்துல குழி விழும்."

"சிரி பாப்போம்."

சிரிச்சுப் பாத்தா. குழி விழல. பெரியம்மா பிரஷ்ஷால அந்த நிழலை வச்சாங்க. ஊதாவை மூடி, உதட்டுக்கு நிறம் குடுத்து, புருவத்துல ஒவ்வொரு முடியா வரைஞ்சு, கழுத்துப் புள்ளி ரெண்டையும் பூசி மறைச்சு... எந்த ஹீரோயினுக்கும் அப்படி மெனக்கெட்டதில்லையாம். முடிச்சதும் அவ கண்ணாடியைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. எழுந்து வெளிய நடந்தா. செருப்பில்லாத காலு அந்தத் தார் ரோட்டுல... சத்தமே இல்ல.

பெரியம்மா பின்னாடியே போனாங்க. ஏன்னு அவங்களுக்கே தெரியாது. பக்கத்துத் தெருவுல ஒரு தையல்கடை, அதை ஒட்டின வீடு. அவ கதவைத் தட்டினா.

ஜன்னல் இடுக்குல ஒரு சின்ன முகம். பாக்குது... பாக்குது... பெரியம்மா எதிர்ச்சுவரோட ஒட்டி நின்னு மனசுக்குள்ள கெஞ்சுறாங்க, திறந்துடுடா கண்ணு, திறந்துடுன்னு.

க்ளக். தாழ்ப்பாள்.

"வாம்மா."

அவ உள்ள போயிட்டா. கதவு சாத்திக்கிச்சு.

மறுநாள் பெரியம்மாவுக்கு இருப்புக் கொள்ளல. அந்த வீட்டுக்குப் போனாங்க. வாசல்ல அந்தக் குழந்தை. தலை வாரி, ரெட்டைப் பின்னல், இறுக்கமா, ஒரு முடி பிசகாம. பக்கத்துல அப்பாக்காரர். வயசுக்கு மீறித் தளர்ந்துபோன ஆளு.

"நீங்களா பின்னி விட்டீங்க?"ன்னு அவரே இவங்களைக் கேட்டாராம். "நேத்து மத்தியானம் இதைத் தவிர வீட்டுல யாரும் இல்ல. இதைக் கேட்டா அம்மாங்குது."

"அவங்கம்மா..."

"போன வாரம் போயிட்டா." தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "பிழைச்சுதாங்க வந்தா. நல்லாத்தான் நடந்து வந்தா. டிவியில பாத்த அதே மூஞ்சிங்க... அந்தப் புருவம் முதற்கொண்டு. நான்தான் திறக்கல. வெயில்ல நின்னா... நின்னுக்கிட்டே இருந்தா. தண்ணி கேட்டா. தெருவுல ஒருத்தரும் குடுக்கல. சாயங்காலம் வண்டி வந்து எடுத்துட்டுப் போனாங்க."

பெரியம்மா அங்கிருந்து நேரா டைரக்டர்கிட்ட போனாங்க. இந்த முகத்தை மாத்துங்கன்னாங்க. "இப்பதாம்மா எல்லாரும் பேசவே ஆரம்பிச்சிருக்காங்க, இன்னும் கொஞ்ச நாள்ல புரிஞ்சுக்குவாங்க"ன்னாரு. மேக்கப் பெட்டியைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி என் ஃப்ரெண்டை மடியில போட்டுக்கிட்டு இது அத்தனையும் சொன்னாங்க.

அந்த வாரமே பெரியம்மாவுக்குக் காய்ச்சல்.

என் ஃப்ரெண்டு தினமும் ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போவா. உள்ள விட மாட்டாங்க. ஃபோன் அடிச்சா எடுக்க ஆள் இல்ல. வீட்டுல தனியா உக்காந்து அழுவா. அக்கம்பக்கம் ஜன்னல்ல இருந்து பாக்கும், ஒரு வார்த்தை கேக்காது.

ஒருநாள் உச்சி வெயில். கதவைத் தட்டுற சத்தம்.

கதவுல இருக்கிற கண்ணாடி ஓட்டை வழியாப் பாத்தா. பெரியம்மா. கண்ணைச் சுத்தி ஊதா இல்ல. உதடு வெடிக்கல. கழுத்துல புள்ளி இல்ல. காய்ச்சல் வந்து போன ஆளு மாதிரியே தெரியல, முன்னைவிட அழகா இருந்தாங்களாம். எதிர்வீட்டு அம்மாகூட ஜன்னலைத் திறந்து, "அட, நல்லாயிட்டீங்களா!"ன்னு சிரிச்சுதாம்.

இவ மட்டும் ஒரு அடி பின்னால போனா. ஏன்னா பெரியம்மா ஊருக்கெல்லாம் முகம் எழுதுவாங்களே தவிர, தன் முகத்துக்குப் பவுடர்கூடத் தொட்டதில்ல. இப்ப... முழு மேக்கப்.

"பாப்பா," வெளிய இருந்து குரல். "வெயில் சுடுதுடா."

"செத்துப்போற மாதிரி பயந்தேன்டி"ன்னா என்கிட்ட. தாழ்ப்பாள்ல கை வச்சு, எடுத்து, வச்சு... கடைசியில அந்தத் தையல்கடைப் பொண்ணு தண்ணி கேட்டது ஞாபகம் வந்துச்சாம். இழுத்துத் திறந்துட்டா.

"உள்ள வாங்க பெரியம்மா."

என்ன, எல்லாரும் இப்படி என் மேல வந்து ஒட்டுறீங்க? தள்ளி உக்காருங்க.

நானும் இதைத்தான் கேட்டேன். ஆஸ்பத்திரியில போய் விசாரிச்சியான்னு. இல்லையாம். எதுக்கு விசாரிக்கணும், எங்க பெரியம்மாதானேன்னா. முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

இன்னும் அந்த வீட்டுலதான் இருக்காங்க ரெண்டு பேரும். பெரியம்மா சமைக்கிறாங்களாம், துணி மடிக்கிறாங்களாம், இவ லேட்டா வந்தா திட்டுறாங்களாம். வருஷக்கணக்கா ஆச்சு. அந்த முகத்தை மட்டும்... இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் கழுவலையாம்.