கடைசி சைக்கிள்

— இன்னாடி செல்லக்கனி, வாசப்படியிலயே நிக்கிற? உள்ள வந்து குந்து. எனக்குக் கால்லதான் மாவுக்கட்டு, வாய் நல்லாத்தான் கீது.

— இருக்கட்டும்க்கா, நிக்கேன். ஒங்க மாமியா ஏசுறது தெரு வரைக்கும் கேக்கு.

— காலைலேர்ந்து அதே பாட்டு. "சைக்கிள் ஓட்டத் தெரியாம லாரியில போயி வுழுந்தவ, இனிமே கம்பெனிக்குப் போவ வேணாம், வூட்ல கெட." எங்க வூட்டுக்காரரும் தலைய ஆட்டினு கீறாரு. கட்டு பிரிச்சாலும் வுடமாட்டாங்க.

— நீங்க விழலியே, லாரிதான இடிச்சுது. விடியாத இருட்டுல ஒங்களத் தெரியல அவனுக்கு.

— அதையும் கேட்டுச்சு. "அஞ்சு பொம்பளைங்க ஒண்ணா போறீங்க, கடைசில வர்றவ லைட்டு பட்டா மின்ற ஜாக்கெட்ட மேல போடணும்னு நீங்களே பேசி வெச்சிக்கினீங்க. அன்னிக்கு ஏன் போடல?" மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்.

— மறந்தது நீங்க இல்லக்கா. அன்னிக்கு என் முறை.

— தெரியும்.

— தெரிஞ்சுமா அப்படிச் சொன்னிய?

— நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன். மண்ணூர்ல கெளம்பறப்போ நீதான ஜாக்கெட்டு போட்டுக்கினு என் பின்னால வந்த? அப்புறம் சல்லுனு முன்னால பூட்ட. எங்கடி போச்சு ஜாக்கெட்டு?

— பையில.

— ம்.

— தண்டலம் டீக்கடைல இசக்கிதுரை நின்னான்க்கா. எங்க தெருக்காரன். அன்னிக்குத்தான் அவன அங்க மொதல்ல கண்டேன். ஊர்ல எங்கம்மா, எம்மவ பெர்மனென்ட்டு, கம்பெனி ஏசி பஸ்ஸுல போறான்னு சொல்லிக்கிட்டுத் திரியுதா. நானே சொன்ன பொய்தான். சைக்கிள்ல, அதுவும் பளபளன்னு அந்த ஜாக்கெட்டோட கண்டான்னா அவன் ஊருக்கே சொல்லிருவானேன்னு கழட்டித் திணிச்சேன். துப்பட்டாவ மூஞ்சில சுத்திக்கிட்டு நடுவுல நுழைஞ்சுட்டேன்.

— கடையத் தாண்டி மறுபடி பின்னால வந்திருக்கலாமில்ல?

— வந்திருக்கலாம்.

— ஏன் வரல?

— நடுவுல போறது பயமில்லாம இருந்துச்சு. முதுகுக்குப் பின்னால நீங்க வந்திய. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்னு மிதிச்சேன். பொறவு சத்தம் கேட்டுச்சு.

— மூக்கத் தொடச்சிக்கோ. அழுது இன்னா ஆவப்போவுது.

— ஒங்க மாமியாகிட்ட நானே போய்ச் சொல்லிருதேன்க்கா. காவேரியக்கா ஒழுங்காத்தான் ஓட்டுனாவ, தப்பு என்னுதுன்னு. ஒங்க வேலை போவக்கூடாது.

— அந்தம்மா வாய் பெருசு. இங்க சொன்னா உங்கூரு வரைக்கும் போவும்.

— போவட்டும். இசக்கிதுரைக்குத் தெரிஞ்சாலும் தெரியட்டும்.

— இரு, செல்லக்கனி. போறதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்கோ. என்னைய ஆட்டோல தூக்கிப் போட்டு ஜி.எச்.சுக்கு இட்டுனு போனது யாருன்னு நெனச்ச?

— பயத்துல நான் கிட்டயே வரலியே, ரோட்ல போனவங்கன்னு சொன்னாவ.

— அந்த இசக்கிதுரைப் புள்ளதான். அவனும் சைக்கிள் கேசுதான், கான்ட்ராக்ட்டுதான். வழி நெடுக உன் பேரச் சொல்லிக்கினு வந்தான். உன் முறை வர்ற நாள்லாம் கடைக்குள்ள மறைஞ்சி நின்னு, ஜாக்கெட்டு தாண்டினதும் லைட்டப் போட்டுக்கினு உனக்குப் பின்னாலயே கம்பெனி கேட்டு வரைக்கும் வருவானாம். "இன்னிக்கு நேரமாவுதேன்னு வெளிய வந்து நின்னேன், ஜாக்கெட்டக் காணும், நீங்க தாண்டிப் போனது தெரியாம ரோட்டப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்க்கா"ன்னு தலைல அடிச்சிக்கினான்.