கேட்டதற்கு மேலே

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உப்பளங்களைத் தாண்டும்போது ஜன்னலோரம் இருந்தவர் பையிலிருந்து ஒரு சின்ன கவுனை எடுத்துக் காட்டினார்.

“யாருக்குக்கா?”

“என் வீட்டுக்காரர் லாரியில அடிபட்டு செத்தாரில்ல, அந்த டிரைவரோட பொண்ணுக்கு. நான்தான் அதுக்கு ஞானத்தாய்.”

கவுனைத் தொட வந்த மற்றவரின் கை நின்றது.

“எப்படிக்கா மனசு வந்துச்சு?”

“அவனும் நம்ம கோயிலுக்குத்தான் வர்றான். கடைசி பெஞ்சுல தலையைக் குனிஞ்சுக்கினு உக்காந்திருப்பான். அவன் மூஞ்சியைப் பார்த்தா சபிக்காம இருக்கணும், அது போதும்னுதான் ஆண்டவர்கிட்ட கேட்டேன்.”

“அப்புறம்?”

“கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கிற அன்னிக்கு, கொழந்தையை ஏந்திக்கினு ஞானத்தாயா நிக்க ஒருத்தரும் வரல. யாராவது வர்றீங்களான்னு ஃபாதர் கேட்டாரு. பார்த்தா, நான் எந்திரிச்சு நடந்துக்கினு இருக்கேன். கொழந்தையைக் கையில வாங்கினதும் நெஞ்சு பாரம் எறங்கிடுச்சு. நான் கேட்டது கொஞ்சம்தான். ஆண்டவர் அதோட நிறுத்தல.”

“என்னால முடியாதுக்கா.”

“என்னாலயும் முடியாதுடி. அதைத்தான் சொல்றேன்.”

ஜன்னலோரம் இருந்தவர் கவுனை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அவன்கிட்ட பேசுறியாக்கா?”

“பேசாம என்ன? போன வாரம் என் வீடு ஒழுகுதுன்னு வந்து ஓடு மாத்திக் குடுத்தான். சாப்பிட்டுப் போடான்னு தட்டு வச்சேன். சாப்பிட முடியாம அழுதான்.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்த சொல்றது? மீன் கொழம்பை இன்னும் கொஞ்சம் ஊத்தினேன்.”