வாய் கசக்குதா?

— உட்காருங்க தம்பி. நின்னுக்கிட்டே இப்படிக் கத்தினா மூச்சு வாங்கும்.

— உட்கார வரல சிஸ்டர். இந்தாங்க, ரெண்டு பாட்டில். இது என்னுது. இது எங்க அக்காவுது. மிச்ச மாத்திரை அப்படியே இருக்கு. எங்க தெருக்காரங்க வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க, ஆளுக்கு ஒரு பாட்டிலோட. நான் குடுத்துட்டு வெளிய வந்ததும் அவங்களும் குடுத்துடுவாங்க. அத்தோட உங்க ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய கும்பிடு.

— அக்கா போன சேதி கேட்டதுலேர்ந்து எனக்கும் கை கால் ஓடல தம்பி. வீட்டுக்கு வரணும்னுதான் கிளம்பினேன். சனங்க கோபமா இருப்பாங்கன்னு டாக்டர் தடுத்துட்டார்.

— வந்திருந்தா நானே கதவைச் சாத்தியிருப்பேன். மில்லுல பஞ்சுத் தூசியைக் குடுத்து நெஞ்சைக் கெடுத்தாங்க, ஆஸ்பத்திரியில மாத்திரையைக் குடுத்து ஆளையே முடிச்சுட்டாங்கன்னு தெருவே பேசுது. நாம என்ன எலியா, புது மருந்தை நம்ம மேல போட்டுப் பார்க்கன்னு நான் அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? 'டேய் மொட்டை, யாராவது சாப்பிட்டுப் பார்த்தாத்தானேடா அடுத்தவனுக்கு மருந்து வரும்'னு காதைத் திருகி இழுத்துட்டு வந்தா. முப்பது வயசு ஃபிட்டரை! மில்லே பார்த்துச் சிரிச்சுது.

— எனக்கு ஞாபகம் இருக்கு. காது சிவந்துபோய்த்தான் வந்து நின்னீங்க.

— அவளுக்கு விஷத்தைக் குடுத்திருக்கீங்க, எனக்கு நல்ல மருந்தைக் குடுத்திருக்கீங்க. அதானே? நான் மறுபடி மிஷின் மேல ஏறி பெல்ட் மாட்டுறேன். அவளால ஒரு குடம் தண்ணி தூக்க முடியல. கடைசியில உட்கார்ந்தேதான் தூங்கினா சிஸ்டர். படுத்தா மூச்சு நின்னுடும்னு பயம்.

— பாருங்க தம்பி, யாருக்கு எது போகுதுன்னு எங்களுக்கே தெரியாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவுல செஞ்ச மாத்திரை. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பார்க்கணும். அக்கா போயிட்டதால உங்க ரெண்டு பேருதை மட்டும் நேத்து பார்த்தாங்க.

— பார்த்து?

— அக்காவுதுதான் மருந்து.

— அப்ப என்னுது?

— மாவு.

— கதை விடாதீங்க. மாவைத் தின்னுட்டா நான் மிஷின் மேல ஏறினேன்?

— டாக்டரும் நம்பல. திரும்பத் திரும்பப் பார்த்தார். மருந்து சாப்பிட்ட அக்கா போயிட்டாங்க, மாவு சாப்பிட்ட நீங்க தேறிட்டீங்க. அப்ப இந்த மருந்தால பிரயோஜனம் இல்லை, கெடுதல்கூட இருக்கலாம்னு இன்னையோட எல்லாத்தையும் நிறுத்தப் போறார். நீங்க சத்தம் போடவே வேண்டாம் தம்பி. நீங்க ஜெயிச்சுட்டீங்க.

— ஜெயிச்சுட்டேனாம்! வீட்டுல ரெண்டு தட்டு இருக்கு சிஸ்டர். பசிச்சா எதை எடுக்கிறதுன்னு தெரியாம அடுப்படியில நின்னு முழிக்கிறேன். ஜெயிச்சுட்டேனாம்.

— தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க. வழக்கமாக் கேட்கிறதை மட்டும் கேட்டுட்டு அனுப்பிடறேன். கடைசித் தடவை. தலை சுத்தல்?

— இல்ல.

— வாய் கசக்குதா?

— இப்ப இல்ல.

— இப்ப இல்லைன்னா? எப்பவும் இல்லைன்னுதானே சொல்லுவீங்க?

— அது மாத்திரையால இல்ல. அக்கா சமையல். ரெண்டு மூணு மாசமா டீ, சாப்பாடு, பச்சைத் தண்ணிகூடக் கசந்துச்சு. முடியாத உடம்போட ஏதோ செஞ்சு வைக்கிறான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒருநாள் தாங்கல. 'என்னத்தைப் போட்டுத் தொலைச்ச'ன்னு டீ டம்ளரை விசிறி அடிச்சுட்டேன்.

— அக்கா என்ன சொன்னாங்க?

— சிரிச்சா. சுவரெல்லாம் டீ வழியுது, இவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. 'நல்லாக் கசக்குதாடா மொட்டை?'ன்னு கேட்கிறா. உங்க மருந்து அவ புத்தியையும் கலக்கிடுச்சு. அதையும் எழுதிக்குங்க.

— இதை ஏன் என்கிட்ட சொல்லல? மாசா மாசம் கேட்டேனே.

— எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லுன்னு அவதான் சொல்லிக் கூட்டிட்டு வருவா. கசக்குதுன்னா பாட்டிலைப் புடுங்கிடுவீங்களாம்.

— நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே. அக்கா மட்டும் எல்லா மாசமும் கசக்குது கசக்குதுன்னாங்க.

— அவளுக்கா? மொத மாசம் கசந்துச்சு, சரி. அப்புறம் நான் தள்ளி வெச்ச தட்டையெல்லாம் அவதான் ருசிச்சு வழிச்சுச் சாப்பிட்டா.

— தம்பி... மாத்திரையை நீங்களேதான் எடுத்துப் போட்டுக்குவீங்களா?

— நான் எங்க? மறந்துடுவேன்னு ரெண்டு பாட்டிலும் அவ தலைமாட்டுலதான் இருக்கும். ஷிஃப்ட் முடிஞ்சு எப்ப வந்தாலும் வாயில போட்டுத் தண்ணி ஊத்துவா. முழுங்கிட்டேனான்னு நாக்கை வேற நீட்டச் சொல்லுவா. அம்மா போனதுலேர்ந்து எனக்கு வயசே ஏறலைன்னு அவளுக்கு நினைப்பு.

— இப்ப?

— இப்ப யார் இருக்கா? நானே எடுத்துப் போட்டுக்கிறேன். என் பேர் ஒட்டின பாட்டில்லேர்ந்து.

— இப்பக் கசப்பு இல்லை.

— இல்லைன்னுதானே சொன்னேன். பக்கத்து வீட்டு அத்தை குடுக்கிற சாப்பாடு. நல்லாத்தான் இருக்கு. அக்கா போனதும் வாய்க்கு ருசி வந்துடுச்சேன்னு எனக்கே என்னைப் புடிக்கல.

— மூச்சு எப்படி இருக்கு?

— இன்னைக்கு உங்க மாடிப்படியில பாதியில நின்னுட்டேன். துக்கம்தான், வேற என்ன... சிஸ்டர், எதுக்கு அழறீங்க?

— நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் தம்பி. மொத மாசம் அக்கா வாய் கசக்குதுன்னாங்க. அந்த மருந்து உள்ள போனா அப்படித்தான் கசக்கும்னு சொல்லிட்டேன். சொல்லக் கூடாது, சொல்லிட்டேன். சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன். அவங்க முகமே விழுந்துடுச்சு. 'என் தம்பிக்குக் கசக்கலையே சிஸ்டர்'னாங்க. வேற எதுவும் கேட்கல.

— அப்ப நான் மிஷின் மேல ஏறின ஏத்தமெல்லாம் அவ பாட்டில் மாத்திரையில...

— உட்காருங்க தம்பி. தண்ணி குடிங்க.

— நாக்கை நீட்டிக் காட்டினேன் சிஸ்டர். நானே நீட்டிக் காட்டினேன்.

— இருங்க, டாக்டரைக் கூப்பிடறேன். அவர்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி சொல்லுங்க.

— அவருக்கு அப்புறம். மொதல்ல அந்தக் கதவைத் திறங்க. அங்க உட்கார்ந்திருக்கிறவங்களைக் கூட்டிட்டு வந்தது நான்... ஏங்க, எல்லாரும் பாட்டிலைப் பையில வைங்க! யாரும் திருப்பிக் குடுக்க வேண்டாம். எங்க அக்கா இந்த மருந்தைச் சாப்பிட்டுச் சாகல. எனக்கு ஊட்டிட்டுச் செத்தா.