இரண்டாம் பக்கத்தில் வந்த சத்தம்

புதிய ரெக்கார்டில் டிக் என்று ஒரு சத்தம் வந்தால் முதலில் ஊசியைப் பார்க்க வேண்டும். நுனியில் தூசி உருண்டு கட்டியிருக்கும். அது இல்லையென்றால் ரெக்கார்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் இரண்டையும் பார்த்துவிட்டேன். ஊசி சுத்தமாக இருந்தது. கீறலும் இல்லை. ஆனாலும் அந்தப் புல்லாங்குழல் ரெக்கார்டின் இரண்டாம் பக்கத்தில் சத்தம் வந்தது. அறைக்கு வெளியே இருந்து அல்ல, ஸ்பீக்கர் வழியாகவே வந்தது. எப்படி வந்தது என்பது எனக்குப் பல நாள் விளங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மேடம், நேற்று நீங்கள் வீட்டுக்குள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்த விலைக்கு ஒரு ரெக்கார்டா?" என்பது. என் மனைவி செவந்தியைப் பற்றித்தான் முதலில் கேட்பீர்கள் என்று நினைத்திருந்தேன். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் குவைத்தில் லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருந்தவன். ஊர் திரும்பி அன்னவாசலில் வீடு கட்டினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. செவந்தி படுக்கும் அறைக்குப் பக்கத்து அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்று வைத்துக்கொண்டேன். கதவு இடுக்கில் ரப்பர் ஒட்டி, சுவருக்குப் பஞ்சுப் பலகை அடித்தேன். வீடு முழுவதும் ஒரே கிரானைட் தரை. அதைக் கேட்டு வாங்கிப் போட்டவள் செவந்தி. துடைக்கச் சுலபம் என்றாள்.

ரெக்கார்டு என்பது ஒரு நீண்ட பள்ளம். அந்தப் பள்ளத்தின் சுவர்கள் வளைந்து வளைந்து போகும். ஊசி அதில் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டம்தான் மின்சாரமாகி, ஆம்ப்ளிஃபயரில் பெருகி, பாட்டாகிறது. ரெக்கார்டு அச்சடிக்கும் உலோக அச்சு ஆயிரக்கணக்கில் அடிக்க அடிக்கத் தேய்ந்துபோகும். தேய்ந்த அச்சில் வந்தவற்றில் பெரிய சத்தமெல்லாம் நன்றாகவே கேட்கும், சின்னச் சத்தங்கள் கரகரப்பில் மூழ்கிவிடும். விலை கூடிய ரெக்கார்டில் மூல டேப்பிலிருந்தே பள்ளம் வெட்டி, அச்சு தேயும் முன்பே நிறுத்திவிடுவார்கள். நல்ல பிளாஸ்டிக்கும் போடுவார்கள். ஆக, கூடக் கொடுக்கும் பணம் பாட்டுக்கு அல்ல. பாட்டுக்கு நடுவில் இருக்கும் அமைதிக்கு.

இதை நான் செவந்தியின் தம்பி பெரியகருப்பனிடம் சொன்னபோது அவன் ரெக்கார்டு வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், எதையும் எடை போட்டே பார்ப்பான்.

"மச்சான், இந்தக் காசுக்கு ரெண்டு கெடாக்குட்டி வாங்கிக் கட்டிருக்கலாம். இது என்ன, கூட ரெண்டு பாட்டுப் பாடுமா?"

"சத்தம் இல்லாததக் கேக்குறதுக்கு மாப்ள இது."

"அதுக்கு நான் வயக்காட்டுல போயி ஒக்காருவேனே. ஓசியில."

அடுத்த அறையிலிருந்து செவந்தி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கொரோனா வந்து போன பிறகு அவளுடைய நுரையீரல் இறுகிவிட்டது. நாள் முழுதும் ஆக்சிஜன் மிஷின் வேண்டும். அது வெளிக்காற்றை உறிஞ்சி, நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, மீதியை மூக்குக்கு அனுப்பும். நல்ல கருவி. உள்ளே ஒரு கம்ப்ரஸர் இருப்பதால் உறுமிக்கொண்டே இருக்கும், சில நொடிக்கு ஒருமுறை புஸ்ஸென்று மூச்சு விடும். அவசரத்துக்கு என்று கட்டிலருகே ஒரு சிலிண்டரும் உண்டு. பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் செவந்தி என்னைக் கூப்பிட ஒரு வழி வைத்திருந்தாள். டம்ளரில் கிடக்கும் எவர்சில்வர் கரண்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டுவாள். இரண்டு இரண்டாகத் தட்டுவாள்.

பெரியகருப்பன் என்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றான். அதே கச்சேரியின் சாதாரண ரெக்கார்டு ஒன்று என்னிடம் இருந்தது, திருச்சியில் பழைய சாமான் கடையில் எடுத்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவான், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எது எது என்று சொல்ல வேண்டும்.

"இங்கிட்டுத் திரும்பப்படாது. சாமி மேல ஆணையா சொல்லணும்."

முதல் முறை சரியாகச் சொன்னேன். பிறகு தப்பு. மறுபடியும் தப்பு.

"அக்கா, மச்சான் பெயிலு," என்று அவன் கத்தினான். "ரெண்டு கெடாக்குட்டி போச்சு."

செவந்தி மறுபடி சிரித்தாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நான் உண்மையைத்தான் சொன்னேன்: "அந்த மிஷின் உறுமிக்கிட்டுக் கெடந்தா எவனுக்குக் கேக்கும்?" கதவு திறந்திருந்தது. அவளுக்குக் கேட்டிருக்கும். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து அவள் பேப்பரை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"என்னங்க. செவ்வாக்கெழம... கரண்ட் கட்டாம். சாயங்காலம் வரைக்கும்."

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவது வழக்கம்தான். அன்றைக்கு ஊரே அடங்கிவிடும். ஆழ்துளை மோட்டார் ஓடாது, மாவு மில் ஓடாது, மிக்ஸி இல்லை. சித்தன்னவாசல் போகிற வேன்களின் சத்தம் மட்டும் எப்போதாவது வரும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, பேட்டரி பெரியகருப்பன் வாங்கிக் கொடுத்தது. ஒரு சிக்கல்தான். கம்பத்திலிருந்து வரும் கரண்ட் அலை மாதிரி வழுவழுப்பாக ஏறி இறங்கும். எங்கள் இன்வெர்ட்டரில் அது படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். என் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வடிகட்டி போட்டிருந்தேன், அது மட்டும் ஓடினால் சுத்தமாக இருக்கும். மிஷினின் மோட்டாரும் சேர்ந்து இழுத்தால் உறுமல் ஸ்பீக்கரில் ஏறிவிடும். இதைச் செவந்திக்கு முன்பே விளக்கியிருந்தேன். நான் விளக்குவதை அவளைப்போல் பொறுமையாகக் கேட்டவர்கள் இல்லை.

"அன்னைக்கி என்னைய... சிலிண்டர்ல போட்டுட்டு நீங்க கேளுங்க. கேட்டுட்டு அந்தப் பயகிட்ட நாலு வார்த்த சொல்லுங்க," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு பக்கந்தான?" என்றாள்.

"ஒரு பக்கந்தான்."

செவ்வாய்க்கிழமை மதியம் மிஷினின் பிளக்கைப் பிடுங்கி, குழாயைச் சிலிண்டரில் மாட்டினேன். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்று மாலை பெரியகருப்பன் வந்து, அதைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் நிரப்பி வருவதாக இருந்தது. இருக்கும் அழுத்தத்தையும் அவளுக்கு வேண்டிய அளவையும் வைத்து எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குப் போடலாம். போட்டேன். ரெக்கார்டின் ஒரு பக்கத்துக்கும் அதற்குமேல் கொஞ்ச நேரத்துக்கும் வரும். அவள் போர்வையைச் சரிசெய்தேன். டம்ளரையும் கரண்டியையும் கைக்கு எட்டும்படி வைத்தேன். "போங்க, போயிக் கேளுங்க," என்று கையை அசைத்தாள்.

முதல் பக்கத்தில், கொஞ்ச நேரத்திலேயே எனக்குக் கேட்டது. குழலை உதட்டில் வைக்கும் முன் அந்த மனிதர் மூச்சை உள்ளே இழுப்பது. சாதாரண ரெக்கார்டில் அது இல்லவே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு மூச்சு, நீளமான வரிக்கு நீளமான மூச்சு. என்றைக்கோ, எங்கேயோ ஒரு அறையில் இழுத்த மூச்சு அன்னவாசலில் என் முன்னால் இருந்தது. நான் அழுதேன் மேடம். அதை மறைக்க வேண்டியதில்லை.

முதல் பக்கம் முடிந்தது. நான் எழுந்தேன், அது உண்மை. எழுந்து ரெக்கார்டைத் திருப்பிப் போட்டேன்.

என் கணக்கு தப்பவில்லை. ஒரு பக்கத்துக்கும் கொஞ்சத்துக்கும்தான் காற்று இருந்தது.

இரண்டாம் பக்கத்தில் அந்த டிக் வந்தது. கீறல் என்றால் ரெக்கார்டு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, தாளம் தப்பாமல் வரும். இது அப்படி வரவில்லை. இரண்டாக வந்தது, நின்றது, மறுபடி இரண்டாக வந்தது. பிறகு வேகமாக வந்தது. பாட்டின் நடுவில் ஊசியைத் தூக்கக்கூடாது, பள்ளத்தின் சுவர் அடிபடும். அந்தப் பாட்டு முடியட்டும் என்று இருந்தேன். பிறகு சத்தத்துக்கு நடுவே இடைவெளி கூடியது. பிறகு வரவில்லை. கடைசிப் பாட்டு மிகவும் சுத்தமாக இருந்தது.

ரெக்கார்டை உறையில் போட்டு, ஊசியைத் துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். அவள் முகத்தில் பயம் இல்லை. கதவுப் பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். கரண்டி தரையில் கிடந்தது. எடுத்துக் கழுவி டம்ளரில் போட்டேன். குழாயை மறுபடி மிஷினில் மாட்டி, பிளக்கைச் சொருகி, இன்வெர்ட்டரை அணைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெரியகருப்பன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மிஷின் ஓடாமல் நிற்பதைப் பார்த்து அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான். "நான் வாங்கிக் குடுத்த பேட்டரி மச்சான். வெல கம்மின்னு வாங்கிட்டு வந்தேன். எங்கக்காவ நானே கொன்னுட்டேன்," என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தயவுசெய்து அவனிடம் சொல்லுங்கள், பேட்டரியில் எந்தக் குறையும் இல்லை. பிறகு நான் சோதித்துப் பார்த்தேன்.

அதன்பிறகு தினமும் அந்த இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். டிக் வரவில்லை. அது வரும் இடத்துக்கு முன்னால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். வரவேண்டும் என்றுதான் உட்காருவேன். குழல்காரர் மூச்சு இழுப்பது மட்டும் வரும்.

காரியம் முடிந்து மிஷினை எடுத்துப்போகப் பெரியகருப்பன் வந்தான். அவன் இளைத்துப்போயிருந்தான்.

"மாப்ள, ஒரு ஒதவி. அக்கா கட்டில்ல ஒக்காந்து அந்தக் கரண்டியால கம்பியில தட்டு. ரெண்டு ரெண்டா."

"எதுக்கு மச்சான்?"

"ஒண்ணு பாக்கணும்."

கதவை மூடி ஊசியை இறக்கினேன். சத்தம் வந்தது, அதே சத்தம், ஸ்பீக்கர் வழியாக. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"தர வழியா வருது மாப்ள. கட்டில் காலு இரும்பு, கீழ ஒரே கல்லு. தட்டுனா கல்லு அதிருது, அது என் மேச காலு வழியா ஏறி ஊசிய ஆட்டுது. ஊசிக்குக் காது கெடையாதுல்ல. பள்ளம் ஆட்டுதா தர ஆட்டுதான்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? நான் கதவத்தான் அடைச்சேன், தரைய நெனைக்கல."

அவன் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அன்னைக்கி அக்கா தட்டுச்சா மச்சான்?"

"தட்டுனா."

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

அது எப்படிக் கேட்டது என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன் என்றேன். அவன் கரண்டியைச் சத்தமில்லாமல் டம்ளரில் வைத்தான். மிஷினை எடுக்கவில்லை. செருப்பைக்கூட வாசலிலேயே விட்டுவிட்டுப் போனான். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், அந்த விலை தகும். வீடு அமைதியாக இருந்தால் தகும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அது என்ன சத்தம் என்பது எனக்கு முதல் இரண்டு தட்டிலேயே தெரியும். பதினெட்டு வருஷம் கூட இருந்தவள் கூப்பிடுவது தெரியாமல் இருக்குமா? எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை. இப்போது அதுவும் தெரிந்துவிட்டது. இதற்குச் சரியான வழி, ரெக்கார்டைச் சுற்றும் டர்ன்டேபிளைத் தரையில் நிற்கும் மேசையில் வைக்காமல், சுவரில் அடித்த பலகையில் வைப்பது. பெரியகருப்பன் போன அன்று சாயங்காலமே பலகை அடித்து மாற்றிவிட்டேன். இனி அந்தக் கட்டிலிலிருந்து யார் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது.