ஹாமோவின் பெட்டியில் இருக்கும் மண்

பெயர் ஹாவிஸ். காலஞ்சென்ற உழவன் ஆடமின் மனைவி. வயது அறுபத்தாறு இருக்கும். பெருவெள்ள வருடத்தில் பிறந்தவள். இருப்பு எல்ம்ஃபென் பண்ணை, கோயிலுக்குப் பின்வீடு. பண்ணை மன்றத்தில் நற்செய்தி நூலின்மேல் கைவைத்து, காரியஸ்தர் கேட்டதற்குச் சொல்வதாவது:

ஓடையோரத்து ஆறு ஏக்கரும் என் அப்பா சாகும்போது எனக்கென்று விட்டது. நாற்பத்தொரு வருடத்துக்கு முன் அந்த உரிமையைத் தம்பி ஹாமோவுக்கு நான் விட்டுக்கொடுத்ததாக ஊரே சொல்லும். இப்போது அவன் அதைத் தன் இரண்டாம் மனைவியின் மகனுக்குக் கொடுக்கப் போகிறான். ஒன்பது வருடமாக அதை உழுகிறவள் என் மகள் சபீனா. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று சபீனா பிறந்து பதினோராம் நாள். காலையில் ஹாமோ வாசலில் வந்து நின்று, "பொம்பள கையில நிலம் நின்னா பிரபு புடுங்கிக்குவாருக்கா. என் பேருக்கு விடு. மார்ட்டின் திருநாளுக்கு வருஷா வருஷம் உனக்கு ஒரு பன்னி" என்றான். முதல் வருடம் வந்தது. இடது காது கிழிந்த பன்றி. அதன் பிறகு எதுவும் வரவில்லை.

எந்த நிலத்து மண்கட்டி மன்றத்தில் கைமாறுகிறதோ அந்த நிலமே கைமாறும் என்பது எங்கள் பண்ணை வழக்கம். அதன்படி ஒரு மண்கட்டி வெட்டிவர நான் தனியே போனேன். பனி பாலாக இறங்கியிருந்தது. மாடுகள் காலில்லாமல் மிதந்து போயின. கோயில் மணி தண்ணீருக்கு அடியிலிருந்து அடித்தது. மார்பில் பால் கசிந்து சட்டை நனைந்தது. ஓடையை எப்போது தாண்டினேன் என்று தெரியாது. குனிந்து வெட்டி மடியில் போட்டபோது, மண் பிள்ளைபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

அதன் பிறகு வெயில் வந்ததும் மடியைப் பார்த்தேன். கட்டியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள். அப்பாவின் நிலம் கன்னங்கரிய மண். விலாங்கு வாடை அடிக்கும். நான் வெட்டியது அக்கரையில், கோயில் நிலத்தில்.

அதன் பிறகு மன்றத்தில் அன்றைய காரியஸ்தர், பெண்கள் விட்டுக்கொடுக்கும்போது கேட்கும் முறைப்படி, என்னை மட்டும் மரத்தடிக்கு அழைத்து, "யாரும் மிரட்டலையே? மனசாரத்தானே குடுக்கிற?" என்றார்.

"மடியில இருக்கிறத மனசாரக் குடுக்கிறேங்கய்யா" என்றேன்.

ஹாமோ, "அழாதக்கா, மண்ணுதானே" என்று வாங்கிக்கொண்டான். அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவன் ஆள் வைத்து உழுதவன்.

இந்த இடத்தில் ஹாமோ எழுந்து, "கெழவி கனவு கண்டுட்டு உளறுது" என்றான். "கனவா இல்லையான்னு உன் பெட்டிக்குத் தெரியும்டா" என்றேன். காரியஸ்தர் இருவரையும் அடக்கினார்.

இத்தனை வருடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கப்படுகிறது. பன்றி வரும் என்று இருந்தேன். மன்றத்தை ஏமாற்றியதற்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன்.

அந்த மண்கட்டியை ஹாமோ ஓக் பெட்டியில் பூட்டி வைத்திருந்தான். இன்று தன் சாட்சியாக அவனே கொண்டுவந்து இந்த மேசைமேல் வைத்திருக்கிறான். திறந்து உடைத்துப் பார்க்கட்டும். கறுப்பாக இருந்தால் நான் பொய் சொன்னவள்.

சொன்னது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. எழுதத் தெரியாததால் சிலுவைக் குறி இட்டேன்.

+ ஹாவிஸ்